தேடுபொறிகளை ஒப்பிடும்போது என்டிசிஜி 1.00 என்று வருகிறது, ஆனால் முடிவுகள் சுமார்தான். எங்கே கோளாறு?

வரிசைஎண் (கேள்வி)

வணக்கம். கூகுள், பிங், டக்டக்கோ, பிரேவ் நான்கையும் ஒப்பிட்டு, எது பொருத்தமான பக்கங்களை மேலே கொண்டுவருகிறது என்று அளக்க ஒரு சிறு மதிப்பீட்டைத் திட்டமிட்டிருக்கிறேன். வினவல்களில் பாதி தமிழ், பாதி ஆங்கிலம்.

உத்தேசம் இதுதான். 60 வினவல்கள். விளம்பரங்களைத் தள்ளிவிட்டு ஒவ்வொன்றுக்கும் முதல் 10 முடிவுகள். இரண்டு பேர் ஒவ்வொரு பக்கத்துக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள்: 0 என்றால் தொடர்பே இல்லை, 3 என்றால் கேட்டதற்கு முழு விடை. பிறகு சைக்கிட்-லேர்ன் என்ற பைத்தான் நூலகத்தில் உள்ள என்டிசிஜி (நல்ல பக்கங்கள் எவ்வளவு மேலே வந்தன என்பதை 0 முதல் 1 வரை சொல்லும் அளவீடு) செயற்கூறில் ஒவ்வொரு பொறியின் மதிப்பெண் வரிசையையும் கொடுத்து, சராசரி எடுத்து ஒப்பிடலாம் என்று எண்ணம்.

வெள்ளோட்டமாக ஒரு வினவலுக்கு முதல் ஐந்து இடங்களை மட்டும் போட்டுப் பார்த்ததில் வந்த வரிசை:

அ பொறி: 3, 0, 2, 0, 1
ஆ பொறி: 2, 2, 1, 1, 0

இதில் அ-வுக்கு 0.92, ஆ-வுக்கு 1.00 வருகிறது. ஆனால் ஆ பொறியில் முழு விடை தரும் பக்கம் ஒன்றுகூட இல்லை. அதற்கு எப்படி முழு மதிப்பெண்?

கூடவே இன்னும் மூன்று கேள்விகள். 60 வினவல்கள் போதுமா? வினவல்களை எங்கிருந்து எடுப்பது (ஒரு தளத்துக்குக் கூகுளின் சர்ச் கன்சோல் சேவை தரும் வினவல் பட்டியல் கைவசம் உள்ளது)? தனிப்பயனாக்கத்தைத் தவிர்க்க மறைநிலைச் சாளரம் போதுமா?

---

மடக்கை

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். செயற்கூறில் பிழை இல்லை. அதற்குள் எதை அனுப்புகிறீர்கள் என்பதில்தான் சிக்கல்.

ஆய்வாளர்கள் யார்வெலினும் கெக்கலைனனும் 2002-இல் விரிவாக எழுதிய இந்த அளவீடு ஒரு பின்னம்; அதில் இரண்டு பாகங்கள் உண்டு. மேலே இருப்பது டிசிஜி: ஒவ்வொரு முடிவின் மதிப்பெண்ணையும், அதன் இடத்தோடு 1 கூட்டி 2-ஐ அடிமானமாக வைத்து எடுத்த மடக்கையால் வகுத்துக் கூட்ட வேண்டும். முதல் ஐந்து இடங்களுக்கு வகுக்கும் எண்கள் 1, 1.585, 2, 2.322, 2.585. கீழே இருப்பது இலட்சிய டிசிஜி: அந்த வினவலுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த வரிசை எவ்வளவு பெறும் என்பது. கோளாறு இந்தக் கீழ்ப்பகுதியில்.

அ: 3 + 0 + 2/2 + 0 + 1/2.585 = 4.387
ஆ: 2 + 2/1.585 + 1/2 + 1/2.322 + 0 = 4.193

ஒரு பொறியின் மதிப்பெண்களை மட்டும் அனுப்பினால், செயற்கூறு அதே எண்களை இறங்குவரிசையில் அடுக்கி அதையே இலட்சியம் என்று எடுத்துக்கொள்ளும். அ-வின் சொந்த இலட்சியம் 3, 2, 1, 0, 0, அது 4.762. ஆகவே 0.92. ஆ-வின் வரிசை ஏற்கெனவே இறங்குவரிசையில்தான் இருக்கிறது, அதனால் தன்னைத் தன்னாலேயே வகுத்து 1.00 பெற்றுவிடுகிறது. இப்படிக் கணக்கிட்டால், பத்தும் 1 மதிப்பெண் பக்கங்களாகக் கொட்டும் பொறிகூட 1.00 வாங்கும். உங்கள் எண் அளப்பது "கையில் இருந்ததை எவ்வளவு ஒழுங்காக அடுக்கியது" என்பதை மட்டுமே. எதைக் கண்டுபிடித்தது என்பது அதில் இல்லை.

சரியான வழி: எல்லாப் பொறிகளின் முடிவுகளையும் ஒரே தொகுப்பாகச் சேர்த்து, அதிலிருந்து ஒரு வினவலுக்கு ஒரே இலட்சியத்தை எடுப்பது. உங்கள் எடுத்துக்காட்டில் இரண்டு பொறிகளும் ஒரு பக்கத்தைக்கூடப் பகிரவில்லை என்று கொண்டால், தொகுப்பின் முதல் ஐந்து 3, 2, 2, 2, 1. அதன் டிசிஜி 6.510. இப்போது அ 0.674, ஆ 0.644. வரிசை தலைகீழாகிவிட்டது.

செய்முறையில் சொன்னால்: வினவல் எண், முகவரி, மதிப்பெண் என்று ஒரே அட்டவணை, வினவல் எண், முகவரி, இடம் என்று பொறிக்கு ஒரு கோப்பு. இந்த இரண்டையும் டிரெக் இவால் மாதிரியான தேடல் மதிப்பீட்டுக் கருவியில் கொடுத்தால் பொது இலட்சியத்தை அதுவே எடுத்துக்கொள்ளும். சைக்கிட்-லேர்னிலேயே செய்ய வேண்டுமென்றால் டிசிஜி செயற்கூறை மட்டும் பயன்படுத்தி, வகுத்தலைக் கையால் செய்யுங்கள்.

ஏதாவது ஒரு பொறி பத்துக்குக் குறைவான முடிவுகளைத் தந்தால் மீதி இடங்களை 0 என்று நிரப்புங்கள். விட்டுவிடக் கூடாது.

---

தேடல்பித்தன்

மடக்கை சொன்னது முழுக்கச் சரி, ஒண்ணு சேர்க்கிறேன். அந்த 0.674-க்கும் 0.644-க்கும் உள்ள இடைவெளி, 3-க்கு 3 புள்ளி, 2-க்கு 2 புள்ளின்னு நேர்கோட்டுக் கணக்குல வந்தது. இன்னொரு வழக்கம் இருக்கு: 2-இன் அடுக்கு எடுத்து 1 கழிக்கிறது. அப்போ 3-க்கு 7, 2-க்கு 3, 1-க்கு 1. அதே வரிசைய அதுல போட்டுப் பாருங்க: அ 0.736, ஆ 0.482. அதே பக்கங்க, அதே மதிப்பெண், ஆனா "கிட்டத்தட்ட சமம்"ங்கிறது "பெரிய வித்தியாசம்"னு மாறிடுது. வெறும் துல்லியத்தை (0 தவிர மத்த எல்லாம் பொருத்தம்னு வச்சு, அஞ்சுல எத்தனை பொருத்தம்கிறது) எடுத்தா அ 0.6, ஆ 0.8. அங்க ஆ ஜெயிக்குது!

அதனால எந்தச் சூத்திரம்னு எண்களப் பார்க்கிறதுக்கு முன்னாடியே எழுதி வச்சிடுங்க. பார்த்துட்டுத் தேர்ந்தெடுத்தா வேணும்கிற பொறிய ஜெயிக்க வைக்கலாம்.

இப்போ வினவல் விஷயம். சர்ச் கன்சோல் பட்டியல தயவுசெஞ்சு எடுக்காதீங்க. அதுல இருக்கிறது கூகுள் அந்தத் தளத்தை ஏற்கெனவே காட்டின வினவல்கள் மட்டும்தான். கூகுள் காட்டத் தவறின வினவல் எதுவும் அந்தப் பட்டியலுக்குள்ள வரவே வராது. பரீட்சைக்குப் போற நாலு பேர்ல ஒருத்தர்கிட்ட மட்டும் கேள்வித்தாள் தயாரிக்கச் சொல்ற மாதிரி அது. தேடல் பெட்டியில வர்ற தானியங்கிப் பரிந்துரைகளுக்கும் இதே கதைதான்.

இதுக்கு ஊரறிஞ்ச உதாரணம் இருக்கு. 2012-ல மைக்ரோசாஃப்ட் "பிங் இட் ஆன்"னு ஒரு சவால் நடத்துச்சு. பெயர மறைச்சு ரெண்டு முடிவுப் பக்கத்தைப் பக்கத்துல பக்கத்துல காட்டி எது பிடிச்சிருக்குன்னு கேக்கிறது. ரெண்டுக்கு ஒண்ணுங்கிற விகிதத்துல மக்கள் பிங்கைத்தான் விரும்புறாங்கன்னு விளம்பரம் பண்ணுச்சு. 2013-ல யேல் பல்கலைக்கழகத்தோட இயன் ஏர்ஸ் குழு அதே தளத்துல திரும்பச் சோதிச்சப்போ 53 சதவீதம் கூகுள், 41 சதவீதம் பிங்னு வந்துச்சு. முக்கியமான விஷயம் என்னன்னா, தளம் பரிந்துரைச்ச வினவல்களப் பயன்படுத்தினவங்ககிட்ட பிங்குக்குக் கிடைச்ச ஆதரவு, சொந்தமா வினவல் போட்டவங்ககிட்ட கிடைக்கல. வினவல் எங்கேருந்து வருதோ அங்கேயே பாதி முடிவு தீர்மானமாயிடுது.

அப்போ எங்கேருந்து எடுக்கிறது? எந்தப் பொறியோடவும் ஒட்டாத இடங்கள்லேருந்து. ஒரு தளத்துக்குள்ள இருக்கிற தேடல் பெட்டியோட பதிவுகள், வாடிக்கையாளர் சேவைக்கு வர்ற கேள்விகள், கேள்வி-பதில் தளங்கள்ல வர்ற தலைப்புகள், இல்லைன்னா ஒரு பத்துப் பேரைக் கூப்பிட்டு "போன வாரம் எதையெல்லாம் தேடினீங்க"ன்னு தட்டினது தட்டினபடியே வாங்கிக்கிறது. எழுத்துப் பிழையத் திருத்தாதீங்க. பிழையோட இருக்கிற வினவல எப்படிச் சமாளிக்குதுங்கிறதும் பொறியோட வேலைதானே.

வகை பிரிக்கிறதும் அவசியம். ஒரு குறிப்பிட்ட தளத்துக்குப் போகணும்னு போடுற வினவல (நிறுவனப் பேரு, உள்நுழைவுப் பக்கம்) தகவல் தேடுற வினவலோட கலந்து சராசரி எடுத்தா ஒண்ணும் புரியாது. டிர்க் லெவாண்டோவ்ஸ்கி 2015-ல வெளியிட்ட ஆய்வுல ஜெர்மன் வினவல்கள் ஒவ்வொரு வகையிலும் 1,000 எடுத்துக் கூகுளையும் பிங்கையும் ஒப்பிட்டார். தகவல் வினவல்கள்ல வித்தியாசம் கம்மி. தளம் தேடுற வினவல்கள்ல கூகுள் 95.3 சதவீதம் சரியான பக்கத்தைக் குடுத்துச்சு, பிங் 76.6 சதவீதம். இந்த ரெண்டாவது வகைக்கு என்டிசிஜி வேண்டவே வேண்டாம். சரியான பதில் ஒண்ணுதான், அது முதல் இடத்துல இருக்கா இல்லையான்னு எண்ணினா போதும். இல்லைன்னா எம்ஆர்ஆர் (சரியான பக்கம் வந்த இடத்தால 1-ஐ வகுத்துச் சராசரி எடுக்கிறது): முதல் இடம்னா 1, ரெண்டாவதுன்னா 0.5, மூணாவதுன்னா 0.33.

கடைசியா ஒண்ணு. டக்டக்கோவோட வழக்கமான இணைப்பு முடிவுகள் பெரும்பாலும் பிங்கிலேருந்து வருது, அவங்களே சொல்றதுதான். பிரேவ் சொந்தமா இணையப் பக்கங்களோட அட்டவணை (இண்டெக்ஸ்) வச்சிருக்கு. அதனால உங்க நாலு பொறி, நாலு சுதந்திரமான பொறி இல்லை. டக்டக்கோவும் பிங்கும் நெருக்கமா வந்தா அதைக் கண்டுபிடிப்புன்னு எழுதிடாதீங்க.

---

நடுப்புள்ளி

முடிவுகளைச் சேகரிக்கும் பகுதியைப் பற்றி. மறைநிலைச் சாளரம் போதாது. அது பழைய குக்கிகளையும் உள்நுழைவையும் விலக்கும், அவ்வளவே. ஐபி முகவரியை வைத்து இடத்தைக் கணிப்பது, உலாவியின் மொழி அமைப்பு, சாதனத்தின் வகை எல்லாம் அப்படியே பொறிக்குத் தெரியும்.

மொழியையும் நாட்டையும் முகவரியிலேயே கட்டிப்போடுங்கள். கூகுளில் எச்எல், ஜிஎல் என்ற அளவுருக்கள்; டக்டக்கோவில் கேஎல். பிங்குக்கும் பிரேவுக்கும் அமைப்புகளில் நாடு, மொழி இரண்டையும் கைப்படத் தேர்ந்து, தேர்வு நிலைத்திருக்கிறதா என்று ஒவ்வொரு அமர்விலும் பாருங்கள். ஒரு பொறிக்கு நாடு குறித்து, இன்னொன்றை "எல்லாப் பகுதிகளும்" என்று விட்டுவிட்டால் நீங்கள் ஒப்பிடுவது அமைப்புகளை, பொறிகளை அல்ல.

அடுத்தடுத்த வினவல்கள் ஒன்றையொன்று பாதிக்கும். கூகுளின் தனிப்பயனாக்கத்தை அளந்து 2013-இல் வெளியான ஹனாக் குழுவின் ஆய்வில், ஒரு வினவலின் தாக்கம் அதே உலாவியில் சுமார் 10 நிமிடம் வரை அடுத்த வினவலில் தெரிந்தது. அதனால் அவர்கள் இரண்டுக்கும் நடுவே 11 நிமிடம் விட்டார்கள். இடைவெளி விட முடியாவிட்டால் ஒவ்வொரு வினவலுக்கும் புதிய உலாவிச் சுயவிவரம் திறங்கள். தொடர்புள்ள வினவல்களை அருகருகே வைக்காமல் வரிசையைக் கலைத்துவிடுங்கள்.

நான்கு பொறிகளிலும் ஒரே வினவலை ஒரே நேரத்தில் போடுவதும் முக்கியம். காலையில் கூகுள், மாலையில் பிங் என்று போனால் செய்தி சார்ந்த வினவல்களில் ஒப்பீடே செல்லாது.

எல்லாவற்றுக்கும் முன்பாக ஒரு சோதனை செய்யச் சொல்வேன். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரே பொறியில், ஒரே வினவலை, ஒரே நேரத்தில் இரண்டு தனித்தனி உலாவிகளில் போட்டு இரண்டு பட்டியல்களையும் ஒப்பிடுங்கள். அந்த வேறுபாடு வெறும் இரைச்சல். பட்டியல்களின் ஒற்றுமையை அளக்க ஆர்பிஓ என்ற அளவீடு (முழுக்க ஒத்தால் 1, ஒன்றுமே பொதுவில்லை என்றால் 0) வசதி. வெப்பர், மொஃபாட், சோபெல் மூவரும் 2010-இல் கொடுத்தது. அதில் பி என்ற அளவுருவை 0.9 என்று வைத்தால் எடையில் சுமார் 86 சதவீதம் முதல் பத்து இடங்களுக்குப் போகும், உங்கள் தேவைக்குப் பொருந்தும். ஒரே பொறி தன்னோடு ஒப்பிடும்போதே 0.85 வருகிறது, இரண்டு பொறிகளுக்கு இடையே 0.80 வருகிறது என்றால் அந்த இரண்டைப் பற்றிச் சொல்ல உங்களிடம் பெரிதாக எதுவும் இல்லை.

முகவரிகளை ஒழுங்குபடுத்தாமல் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் வேறுபாடு, முன்னால் வரும் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ, கடைசிச் சாய்கோடு, யுடிஎம் என்று தொடங்கும் பின்தொடர் ஒட்டுகள், கைபேசிப் பதிப்பு முகவரிகள் எல்லாம் ஒரே பக்கத்தை இரண்டாகக் காட்டும். விளைவு: ஒரே பக்கம் இரண்டு முறை தொகுப்புக்குள் நுழைந்து இலட்சிய டிசிஜியை ஊதிவிடும், எல்லோருடைய மதிப்பெண்ணும் காரணமில்லாமல் இறங்கும். ஒரு பொறி ஒரே கட்டுரையின் இரண்டு நகல்களை 2-ஆம், 5-ஆம் இடங்களில் காட்டினால் இரண்டாவதற்கு 0 கொடுப்பதே என் வழக்கம். படிப்பவருக்கு அதில் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

ஏபிஐ (நிரல்கள் நேரடியாக முடிவுகளைக் கேட்டு வாங்கும் வழி) வழியாக எடுக்கலாமே என்று தோன்றும். பிங்கின் தேடல் ஏபிஐ 2025 ஆகஸ்ட் 11-ஆம் தேதியோடு மூடப்பட்டது. கூகுளின் தனிப்பயன் தேடல் ஏபிஐ தரும் பட்டியல் பொதுத்தளத்தில் மக்கள் பார்க்கும் பட்டியலோடு ஒத்துப்போகும் என்ற உறுதி கிடையாது. நிரல் வைத்து முடிவுப் பக்கங்களைச் சுரண்டுவது பொறிகளின் பயன்பாட்டு விதிகளுக்கு எதிரானது. நடைமுறையிலும் கேப்ச்சா வந்து நிற்கும். உங்கள் அளவுக்குக் கைப்படச் சேமிப்பதே சரி. முடிவுப் பக்கத்தின் படம், எச்டிஎம்எல், அதோடு ஒவ்வொரு இணைப்பின் உள்ளடக்க நகல் மூன்றையும் அன்றே எடுத்து வையுங்கள். மதிப்பெண் போடுபவர் இரண்டு வாரம் கழித்துத் திறக்கும்போது பக்கம் மாறியிருந்தால் அது பொறியின் குற்றமல்லவே.

---

கப்பா

இரண்டு மதிப்பீட்டாளர்கள் என்றீர்கள். அவர்கள் முன்னால் எதை வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே எல்லாம்.

பொறியின் பெயரோ சின்னமோ எழுத்துருவோ தெரியக் கூடாது. ஒரே முடிவுகளுக்கு வெவ்வேறு பொறிகளின் பெயரை ஒட்டிக் காட்டினால் மக்கள் போடும் மதிப்பெண் மாறுகிறது என்பதை ஜேன்சன் குழு 2000-களின் பிற்பகுதியில் சோதித்தே காட்டிவிட்டது. இடமும் தெரியக் கூடாது. முதலாவதாக வந்த பக்கம் என்று தெரிந்தாலே மதிப்பெண் கூடிவிடலாம். ஆகவே ஒரு வினவலுக்கு எல்லாப் பொறிகளின் பக்கங்களையும் ஒன்றாக்கி, நகல்களை நீக்கி, கலைத்து, ஒரு பக்கத்தை ஒருமுறை மட்டும் காட்டுங்கள். மூன்று பொறிகள் தந்த பக்கமானாலும் அதற்கு ஒரே மதிப்பெண்தான். வேலையும் குறையும், முரண்பாடும் வராது.

வினவலை மட்டும் கொடுத்து மதிப்பெண் கேட்காதீர்கள். "பைத்தான்" என்ற வினவலுக்குப் பாம்பா நிரல்மொழியா என்று ஆளுக்கொன்று நினைப்பார்கள். 1992-இல் தொடங்கிய டிரெக் என்ற தேடல் மதிப்பீட்டு மாநாட்டில் பெரும்பாலும் ஒவ்வொரு தலைப்புக்கும் சுருக்கமான வினவலோடு, என்ன வேண்டும், எது பொருந்தும், எது பொருந்தாது என்ற விளக்கமும் சேர்த்தே தரப்படுகிறது. இரண்டு மூன்று வரி போதும். அதை முடிவுகளைப் பார்ப்பதற்கு முன்னால் எழுத வேண்டும், பார்த்த பிறகு எழுதினால் வந்த முடிவுகளுக்கு ஏற்ப நோக்கம் வளைந்துவிடும். வினவலைப் போட்டவரே விளக்கமும் எழுதினால் இன்னும் நல்லது.

உடன்பாட்டைச் சதவீதத்தில் சொல்லி ஏமாறாதீர்கள். 100 பக்கங்களில் இருவரும் தலா 10 பக்கங்களைப் பொருத்தம் என்கிறார்கள், அவற்றில் 2 மட்டுமே பொது என்று வையுங்கள். 84 பக்கங்களில் ஒரே தீர்ப்பு, அதாவது 84 சதவீத உடன்பாடு, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போட்டாலே 0.1 × 0.1 + 0.9 × 0.9 = 0.82 வந்துவிடும். தற்செயலைக் கழித்துவிட்டு உடன்பாட்டை அளக்கும் கோஹனின் கப்பா (0.84 − 0.82) / (1 − 0.82) = 0.11. அதாவது உடன்பாடு இல்லை என்றே சொல்லலாம். உங்களுடையது 0 முதல் 3 வரை படிப்படியான அளவு என்பதால் எடையிட்ட கப்பாவை எடுங்கள். 2-க்கும் 3-க்கும் உள்ள கருத்து வேறுபாட்டையும் 0-க்கும் 3-க்கும் உள்ளதையும் ஒன்றாகப் பாவிக்கக் கூடாது.

கப்பா குறைவாக வந்தால் ஆளை மாற்றுவதற்கு முன் விதிகளைப் பாருங்கள். பெரும்பாலும் 1-க்கும் 2-க்கும் இடையேதான் சண்டை நடக்கும். "கேட்டதில் பாதிக்குமேல் இந்தப் பக்கத்திலேயே கிடைத்தால் 2, வேறு பக்கம் போயே ஆகவேண்டும் என்றால் 1" என்பது போல ஒரு வரி எழுதிவிட்டால் பாதி தகராறு அடங்கும். கட்டணச் சுவருக்குப் பின்னால் உள்ள பக்கம், திறக்காத பக்கம், திறந்ததும் உள்நுழையச் சொல்லும் பக்கம் இவற்றுக்கும் விதி வேண்டும்.

சற்று ஆறுதலான செய்தி: மதிப்பீட்டாளர்கள் மாறும்போது மதிப்பெண்களின் அளவு மாறினாலும், முறைமைகளின் ஒப்பீட்டு வரிசை பெரும்பாலும் நிலைக்கிறது என்று எலன் வூர்ஹீஸ் டிரெக் தரவுகளில் காட்டியிருக்கிறார். எனவே "கூகுளுக்கு 0.71" என்று தனி எண்ணாக அறிவிக்காதீர்கள். வித்தியாசத்தை மட்டும் அறிவியுங்கள்.

---

வரிசைஎண்

அனைவருக்கும் நன்றி. பொது இலட்சியம் தெளிவாகிவிட்டது. சர்ச் கன்சோலை விட்டுவிடுகிறேன், டக்டக்கோவையும் எடுத்துவிட்டு மூன்று பொறிகளோடு நிற்கலாம் என்று தோன்றுகிறது. இன்னும் பாக்கி இருப்பவை: வினவல்களின் எண்ணிக்கை, பட்டியலுக்கு மேலே வரும் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கத்தை எந்த இடத்தில் வைப்பது, தமிழ் வினவல்களுக்கென்று தனியாக எதையாவது கவனிக்க வேண்டுமா.

---

மடக்கை

எண்ணிக்கைக்குத் தோராயமான சூத்திரம்: (2.8 × வேறுபாட்டின் திட்ட விலக்கம் ÷ கண்டுபிடிக்க விரும்பும் வேறுபாடு), அதன் வர்க்கம். 2.8 என்பது 5 சதவீதத் தவறு வரம்புக்கான 1.96, 80 சதவீதக் கண்டறியும் திறனுக்கான 0.84 இரண்டின் கூட்டு. வினவலுக்கு வினவல் என்டிசிஜி வேறுபாட்டின் திட்ட விலக்கம் 0.25 என்று இருந்தால், 0.05 வேறுபாட்டைப் பிடிக்க 196 வினவல்கள் வேண்டும். 60 வினவல்களில் நீங்கள் நம்பிப் பிடிக்கக்கூடியது சுமார் 0.09 அளவு வேறுபாட்டை மட்டுமே. ஆரம்பத்தில் வந்த 0.674, 0.644 மாதிரி 0.03 இடைவெளி அதில் காணாமல் போய்விடும். முதலில் 30 வினவல்களில் உங்கள் சொந்த திட்ட விலக்கத்தை அளந்துவிட்டு இதில் போடுங்கள்.

கூடுதல் வினவல்களுக்கு உழைப்பு எங்கிருந்து வரும் என்றால், ஆழத்தைக் குறையுங்கள். 60 வினவல்களுக்குப் பத்துப் பத்தாகப் பார்ப்பதைவிட 150 வினவல்களுக்கு ஐந்து ஐந்தாகப் பார்ப்பது பலன் தரும். மூன்று பொறிகள், 150 வினவல்கள், ஐந்து முடிவுகள்: அதிகபட்சம் 2,250 தீர்ப்புகள், நகல் நீக்கியபின் அதற்கும் கீழே. இரண்டு பேரும் எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். ஐந்தில் ஒரு பங்கை இருவரும் பார்த்தால் கப்பாவுக்குப் போதும்.

சோதனைக்கு ஒவ்வொரு வினவலுக்கும் இரண்டு பொறிகளின் வேறுபாட்டை எடுத்து, அதன் கூட்டல் கழித்தல் குறிகளைக் குருட்டாம்போக்கில் 10,000 முறை மாற்றிப் போட்டு, உண்மையான சராசரி அந்தக் கூட்டத்தில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பரவலின் வடிவம் பற்றிய அனுமானம் இதற்குத் தேவையில்லை. மூன்று பொறிகள் என்றால் மூன்று இணைகள், 0.05-ஐ மூன்றால் வகுத்து 0.0167-ஐ வரம்பாக வையுங்கள். தமிழ், ஆங்கிலம் இரண்டுக்கும் தனித்தனியாக முடிவு சொல்லப் போகிறீர்கள் என்றால் எண்ணிக்கையும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

---

தேடல்பித்தன்

செயற்கை நுண்ணறிவுச் சுருக்கத்தை முதல் இடம்னு வச்சு என்டிசிஜிக்குள்ள திணிக்காதீங்க. அது ஒரு பக்கம் இல்லை, ஒரே வினவலுக்கு ரெண்டு தடவை போட்டா வாசகமே மாறும், சில சமயம் வரவே வராது. தனி அட்டவணையா வைங்க: வந்துச்சா, சொன்னது சரியா, மேற்கோள் காட்டின பக்கத்துல அந்தத் தகவல் உண்மையிலேயே இருக்கா. இந்த மூணாவது கேள்விதான் கறாரானது.

முழுப் பக்கமா எது மேல்னு தெரியணும்னா பக்கத்துல பக்கத்துல வச்சு விருப்பம் கேளுங்க. இடது வலது மாத்தி மாத்தி வரணும், "ரெண்டும் சமம்"னு ஒரு பொத்தான் கண்டிப்பா வேணும்.

தமிழ் வினவல். முதல்ல குறியீடு. "கொ" மாதிரி எழுத்துல வர்ற உயிர்க்குறிய ஒரே குறியீடாவும் எழுதலாம், ரெண்டு துண்டாவும் எழுதலாம், திரையில ரெண்டும் ஒண்ணுதான். யூனிகோட் என்எஃப்சி இயல்பாக்கம் போட்டா இது சரியாயிடும். ஆனா "மௌனம்"ங்கிறத "மெளனம்"னு ளகரம் போட்டுத் தட்டினது என்எஃப்சில மாறாது, ஏன்னா அது நிஜமாவே வேற எழுத்து. அந்த மாதிரி வினவல்களத் திருத்தாம அப்படியே போட்டு, பொறி புரிஞ்சுக்குதான்னு பார்க்கிறது நல்ல சோதனை.

அடுத்தது விகுதியும் ஒற்றும். "மரம்", "மரத்தில்", "மரங்களை" மூணுக்கும், "எப்படி செய்வது", "எப்படிச் செய்வது" ரெண்டுக்கும் ஒரே நோக்கம். ஒரு நோக்கத்துக்கு ரெண்டு மூணு வடிவம் எழுதி, வடிவம் மாறும்போது ஒவ்வொரு பொறியோட மதிப்பெண்ணும் எவ்வளவு ஆடுதுன்னு தனியா குறிச்சுக்குங்க. ஆனா மடக்கை சொன்ன எண்ணிக்கைக் கணக்குல அந்த மூணையும் மூணு வினவலா எண்ணாதீங்க, ஒரு நோக்கம் ஒரு வினவல்தான். நோக்கத்துக்குள்ள சராசரி எடுத்துட்டு அப்புறம் சோதனைக்குப் போங்க.

தமிழ்ல கேட்டதுக்கு ஆங்கிலப் பக்கம் வந்தா என்ன மதிப்பெண்ணுன்னும் இப்பவே முடிவு பண்ணுங்க. அதிகபட்சம் 1-னு வைக்கலாம், இல்லைன்னா மொழியப் பார்க்காம உள்ளடக்கத்துக்கே போடலாம். ரெண்டுல எதுன்னாலும் சரி, மதிப்பீட்டாளர் விருப்பத்துக்கு மட்டும் விட்டுடாதீங்க. எந்தப் பொறி தமிழ்ப் பக்கங்கள அதிகமா வச்சிருக்குங்கிறதே இந்த ஒரு விதியில தெரியவோ மறையவோ செய்யும்.

---

கப்பா

ஒரு சின்னச் சேர்க்கை. இந்தத் தீர்ப்பு அட்டவணையைப் பத்திரமாக வைத்துப் பின்னால் நான்காவது பொறியையோ, அதே பொறிகளின் ஆறு மாதத்துக்குப் பிந்தைய முடிவுகளையோ அளக்கத் தோன்றும். அப்போது வரும் புதிய பக்கங்களுக்குத் தீர்ப்பு இருக்காது. டிரெக் இவால் அவற்றை 0 என்று எடுத்துக்கொள்ளும்; தொகுப்பில் பங்களித்த பழைய பொறிகளுக்கு லாபம், புதிதாக வருவதற்கு நஷ்டம். அளப்பதற்கு முன், ஒவ்வொரு பொறியின் முதல் ஐந்தில் எத்தனை சதவீதம் தீர்ப்புப் பெற்றவை என்று அட்டவணையில் ஒரு நெடுவரிசையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு 98, இன்னொன்றுக்கு 70 என்றால் ஒப்பிடுவதை நிறுத்திவிட்டு, தீர்ப்பில்லாத பக்கங்களை அதே விதிகளோடு, பெயர் மறைத்து, ஏற்கெனவே தீர்ப்பு பெற்ற சில பக்கங்களையும் இடையிடையே கலந்து மதிப்பீட்டாளர்களிடம் கொடுங்கள். கலந்து கொடுத்த பழைய பக்கங்களுக்கு முன்பு போட்ட மதிப்பெண்ணே மறுபடி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் புதியவற்றை அட்டவணையில் சேர்க்க வேண்டும்.